கொரோனாக் காலப் பாக்கியைச் செலவில்லாமல் பேசித் தீர்க்க: பாலக்காட்டு எல்லைத் தமிழர்களுக்கு

கொழிஞ்சாம்பாறையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தமிழிலும் மலையாளத்திலும் டைப் அடித்தும் கொடுப்பேன். 2020 மார்ச்சில் ஷட்டரை இறக்கினேன். ஒழுங்காகத் திறக்க ஐந்து மாதம் ஆனது. 2021 மே 8-ஆம் தேதி கேரளம் மறுபடி அடைபட்டு ஜூன் நடுவில்தான் தளர்ந்தது. கடைக்கு மாத வாடகை ஆறாயிரம். ஓனர் அக்கா முதலில் "பரவால்ல, மெதுவாக் குடுங்க" என்றார். அப்புறம் போனை எடுப்பதை நிறுத்தினார். அதற்கப்புறம் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

அந்த விவகாரம் ஒரு ரூபாய் கோர்ட் செலவில்லாமல் முடிந்தது. அன்றிலிருந்து நகல் எடுக்க நோட்டீஸோடு வருகிறவர்கள் "அண்ணா, இதுல என்னதான் எழுதிருக்குது? யாரைப் போய்ப் பாக்கறது?" என்று கேட்டால் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். தினமும் வாயால் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. லீகல் சர்வீஸின் சமரச மேஜையில் ஒருமுறை உட்கார்ந்தவன், உட்காரப் போகிறவர்களின் காகிதங்களைப் பல வருஷமாக நகல் எடுப்பவன், அவ்வளவுதான். சித்தூர் என்று எழுதினால் பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திராச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். வாடகைச் சட்டம் மட்டும் அங்கே வேறு.

எங்கே போவது

1987-இல் வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு சட்டப் பணிகள் ஆணைக்குழு, ஒவ்வொரு தாலுகாவிலும் ஒரு குழு. நம் பேச்சில் இது 'லீகல் சர்வீஸ்'. சித்தூர் தாலுகாவுக்குச் சித்தூரில், மாவட்டத்துக்குப் பாலக்காட்டுக் கோர்ட் வளாகத்தில். வாசலில் நின்று "லீகல் சர்வீஸ் ஆபீஸ்" என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணைக் கூப்பிடலாம். நாடு முழுக்க ஒரே எண்.

அங்கே இரண்டு விதமான மேஜைகள் உண்டு. ஒன்று மீடியேஷன். பயிற்சி பெற்ற ஒரு மத்தியஸ்தர் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார், தனித்தனியாகவும் கூப்பிட்டுப் பேசுவார். தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. அங்கே பேசியதைப் பிறகு கோர்ட்டில் உங்களுக்கு எதிராக எடுத்துவைக்கவும் முடியாது. இன்னொன்று அதாலத்து, தமிழ்நாட்டில் மக்கள் நீதிமன்றம் என்பது. ஒரே நாளில் நிறைய விவகாரங்கள் எடுப்பார்கள், பேச்சு சுருக்கமாக இருக்கும். ஏற்கெனவே ஏறக்குறைய ஒத்துவந்த விஷயத்தை முடித்து முத்திரை குத்த அதாலத்து நல்லது. மனஸ்தாபம் உள்ள விஷயத்துக்கு மீடியேஷன்தான் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. கேஸ் போட்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. கேஸ் ஏற்கெனவே நடக்கிறது என்றால் ஜட்ஜிடமே கேட்டு மீடியேஷனுக்கு அனுப்பச் சொல்லலாம். கோர்ட் அனுப்பிய கேஸ் அதாலத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்ப வரும்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இலவச வக்கீல் வேறு, இலவச சமரசம் வேறு. இலவச வக்கீலுக்குத்தான் தகுதி பார்ப்பார்கள்: பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பேரிடரால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு உண்டு, மற்றவர்களுக்கு வருமான வரம்பு. சமரச மேஜைக்கு இந்த வரம்பு எதுவும் இல்லை. நாலு வீடு வாடகைக்கு விட்டிருப்பவரும் போகலாம். என் ஓனர் அக்கா "அது ஏழைங்களுக்கானதுன்னு நெனச்சேன்" என்று கடைசியில்தான் சொன்னார்.

இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா

நமக்கே உரிய தலைவலி இது. வேலந்தாவளத்தில் வீடு, வேலை கோயம்புத்தூரில், ஓனர் பொள்ளாச்சியில், கடன் வாங்கியது கோபாலபுரத்தில். எந்தப் பக்கம் மனுக் கொடுப்பது?

வீடு, கடை பற்றிய தகராறு என்றால் கட்டடம் நிற்கும் இடம்தான் கணக்கு. கட்டடம் கேரளத்தில் இருந்தால் சித்தூர் அல்லது பாலக்காடு; ஓனர் எங்கே குடியிருந்தாலும் சரி. கட்டடம் பொள்ளாச்சிப் பக்கம் என்றால் பொள்ளாச்சி கோர்ட்டில் உள்ள வட்டக் குழு. கைமாற்று, கடன் என்றால் பணம் தர வேண்டியவர் வசிக்கும் இடத்திலோ கொடுக்கல் வாங்கல் நடந்த இடத்திலோ கொடுக்கலாம். எதிர்த்தரப்பு வந்து போகச் சுலபமான இடத்தையே தேர்ந்தெடுங்கள். வராமல் இருக்க அவருக்கு ஒரு சாக்குக் குறையும்.

சட்டமும் எல்லையில் மாறுகிறது. கேரளத்தில் 1965-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது நடப்பிலுள்ள ஊர்களில், வாடகை பாக்கிக்காகக் காலி செய்யச் சொல்ல வேண்டுமென்றால் ஓனர் முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கையில் கிடைத்த 15 நாளுக்குள் பாக்கியை 6 சதவீத வட்டியோடும் தபால் செலவோடும் கட்டிவிட்டால் அந்தக் காரணத்தைச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போக முடியாது. காலி செய்ய உத்தரவு வந்த பிறகும், ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியும் வட்டியும் செலவும் கட்டினால் அந்த உத்தரவை ரத்து செய்ய வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017-ஆம் வருஷத்துச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல். அங்கே எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது.

நோட்டீஸ் கையில் இருந்தால் அந்த 15 நாளை எண்ணிக்கொண்டே சமரசத்துக்கும் போங்கள். மனுக் கொடுத்துவிட்டோம், நாள் நின்றுவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

கணக்குத் தாள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

கொரோனாப் பாக்கித் தகராறுகளில் "நான் தர வேண்டியதே இல்லை" என்பவர் குறைவு. எந்த மாதம், எவ்வளவு, எதைக் கழித்தது, அட்வான்ஸில் சேர்ந்ததா என்பதுதான் சண்டை. ஆனால் மேஜைக்கு வருகிறவர்கள் கணக்கைக் கொண்டுவருவதில்லை, கோபத்தைக் கொண்டுவருகிறார்கள். "அன்னிக்கு எங்க அம்மா செத்த வீட்டுக்கு வந்து வாடகை கேட்டாரு" என்று ஆரம்பிக்கும். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் அதற்கு ரூபாயில் விலை போட மத்தியஸ்தரால் முடியாது.

ஒரு முழுத் தாள் எடுங்கள். ஐந்து கட்டம்: மாதம், தர வேண்டியது, தந்தது, மீதி, எப்படித் தந்தது. 2020 மார்ச்சில் ஆரம்பியுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். கூகுள் பே, போன்பே வரலாற்றைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். பேங்க் பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் "அனுப்பிட்டேன் அக்கா" என்று போட்ட மெசேஜையும் தேடுங்கள். கையில் கொடுத்த பணத்துக்குச் சாட்சி இல்லை என்றால் அந்த வரியில் 'ரொக்கம், ரசீது இல்லை' என்று நேர்மையாகவே எழுதுங்கள். ஒரு வரியில் நேர்மை தெரிந்தால் மற்ற வரிகளையும் நம்புவார்கள்.

என் கணக்கையே சொல்கிறேன். 2020 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதம், 30,000. அதில் ஜூலையிலும் ஆகஸ்டிலும் இரண்டிரண்டாயிரம் அனுப்பியிருந்தேன், மீதி 26,000. 2021 மே, ஜூன் இரண்டு மாதம் 12,000. ஆக 38,000. அக்காவின் நோட்டில் 46,000 இருந்தது. வரி வரியாக ஒப்பிட்டதும் விஷயம் புரிந்தது. 2020 மார்ச் வாடகையை ஐந்தாம் தேதியே பேங்க்கில் போட்டிருந்தேன். ஊரடங்குக் களேபரத்தில் அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஜூலையில் அனுப்பிய இரண்டாயிரம் அவர் மகன் நம்பருக்குப் போயிருந்தது, மகன் சொல்லவில்லை. எட்டாயிரம் ரூபாய் வித்தியாசம், பதினைந்து நிமிஷத்தில் போய்விட்டது. அந்த எட்டாயிரத்துக்காகத்தான் நாங்கள் இருவரும் ஒன்றரை வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம்.

தாளுக்குப் பின்பக்கம், யாருக்கும் காட்டாமல், இரண்டு எண்ணை எழுதிவையுங்கள். இன்றைக்கே எவ்வளவு தர முடியும்? மாதாமாதம் வாடகையோடு சேர்த்து எவ்வளவு கட்ட முடியும்? ஓனர் என்றால்: எவ்வளவு விட்டுக்கொடுக்க முடியும்? எத்தனை மாதம் பொறுக்க முடியும்? வீட்டில் கலந்து பேசி எழுதுங்கள். மேஜையில் உட்கார்ந்தபின் ரோஷத்தில் "மாசம் அஞ்சாயிரம் கட்டறேன்" என்று சொல்லிவிட்டு மூன்றாம் மாதமே முழி பிதுங்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு வதந்திக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டது: தொழிலாளர்கள், குறிப்பாக வெளியூர்த் தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கும் இடங்களில் ஒரு மாத காலத்துக்கு வாடகை கேட்கக் கூடாது, காலி செய்யச் சொல்லக் கூடாது என்று. அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு "கொரோனா வாடகையே கிடையாது" என்று வாதாடுகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். கடை வாடகைக்கோ ஐந்து மாதத்துக்கோ அது உதவாது.

மனு

வெள்ளைத் தாள் போதும். முத்திரைத்தாள் வேண்டாம். சித்தூர் தாலுகா லீகல் சர்வீசஸ் கமிட்டிக்கு என்று ஆரம்பித்து, உங்கள் பெயர், விலாசம், போன். எதிர்த்தரப்பின் பெயர், விலாசம், போன். விவகாரம் நாலைந்து வரியில். என்ன தீர்வு வேண்டும் என்பது ஒரு வரியில். இணைப்பாக வாடகைச்சீட்டு, கணக்குத் தாள், வந்த நோட்டீஸ் ஆகியவற்றின் நகல். அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். "இன்னார் மோசடிப் பேர்வழி" என்று எழுதாதீர்கள். அந்த மனுவைப் படித்துவிட்டுத்தான் அவர் பேச வர வேண்டும்.

தமிழில் எழுதலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எழுதலாம். குறை தீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு இடம் தருகிறது. கேரளத்தின் 1969-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். நடைமுறையில் மலையாள நகல் ஒன்றும் கூட வைத்தால் காரியம் வேகமாக நடக்கும். உரிமையை விட்டுக்கொடுப்பதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். மேஜைக்கு மேஜை நகரும் நாளைக் குறைக்கும் வழி, அவ்வளவுதான்.

மனுவிலேயே 'எனக்குத் தமிழில் பேச வேண்டும்' என்று ஒரு வரி சேருங்கள். இந்தத் தாலுகாவில் தமிழ் தெரிந்த வக்கீல்களுக்கும் தொண்டர்களுக்கும் பஞ்சமில்லை. முன்கூட்டிச் சொன்னால்தான் அப்படி ஒருவரை உட்காரவைப்பார்கள்.

நோட்டீஸ் உங்களுக்கு வந்தால்

மனுக் கொடுத்ததும் இரு தரப்புக்கும் தேதி போட்டுக் கடிதம் வரும். உங்கள் வீட்டுக்கு வந்தது மலையாளத்தில் இருக்கலாம். சில சொற்கள் தமிழ் மாதிரியே இருந்து வயிற்றைக் கலக்கும். 'விதி' என்றால் அங்கே தீர்ப்பு, தலையெழுத்து இல்லை. 'அவதி' என்றால் தள்ளிவைத்த தேதி. அடிக்கடி தள்ளிவைத்தால் நம் அர்த்தமும் சரிதான். 'ஒப்பு' கையெழுத்து. 'குடிஸ்ஸிக' பாக்கி. 'பலிச' வட்டி. 'ஒழிப்பிக்கல்' காலி செய்யவைப்பது. 'ஒத்துதீர்ப்பு' நாம் தேடிப் போகும் சமரசம்.

லீகல் சர்வீஸ் கடிதம் சம்மன் அல்ல. போலீஸ் வராது. ஆனால் போகாமல் இருப்பது புத்திசாலித்தனமும் அல்ல. இரண்டு மூன்று தடவை ஒரு தரப்பு வரவில்லை என்றால் கோப்பை மூடிவிடுவார்கள். எதிர்த்தரப்பு அதற்கப்புறம் கேஸ் போடும், அங்கே செலவும் நாளும் வேறு கணக்கு. வேலை நாளில் தேதி விழுந்தால் போன் செய்து மாற்றிக் கேளுங்கள். கஞ்சிக்கோட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் இதைச் செய்யத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம், கேட்டால் மாற்றித் தருவார்கள்.

மேஜையில்

நல்ல சட்டை போட்டு, கால் மணி நேரம் முன்னால் போய் உட்காருங்கள். வக்கீல் கட்டாயமில்லை. கூட ஒருவரை அழைத்துப் போவதென்றால் கணக்குத் தெரிந்தவரை அழைத்துப் போங்கள், சண்டை போடத் தெரிந்தவரை அல்ல. என்னோடு மச்சான் வருகிறேன் என்று நின்றான். வெளியே டீக்கடையில் உட்காரவைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

முதலில் இருவரும் தங்கள் தரப்பைச் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் பேசும்போது குறுக்கே விழாதீர்கள். தப்பாகச் சொன்னால் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தனித்தனியாகக் கூப்பிடுவார். அந்த அறையில் மத்தியஸ்தரிடம் "இதை அவங்ககிட்ட சொல்லாதீங்க" என்று சொன்னால் சொல்ல மாட்டார். பின்பக்கம் எழுதிய எண்களை அங்கே காட்டலாம்.

எங்கள் விஷயத்தில் முடிச்சு அவிழ்ந்தது பணத்தில் இல்லை, தேதியில். மகள் படிப்புக்கு வாங்கிய கடனுக்கு ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி அக்காவுக்கு இ.எம்.ஐ. போகும். நான் நல்ல காலத்திலும் மாதக் கடைசியில்தான் வாடகை தருவேன். இந்த இழுபறி எத்தனையோ மாதமாக அவரை அரித்திருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது. "அஞ்சாம் தேதிக்குள்ள வந்துருங்களா, அது போதுங்" என்றார். சரி என்றேன். அதற்கப்புறம் எல்லாம் சுலபம்: 38,000-இல் 11,000 விட்டுக்கொடுத்தார். மீதி 27,000-இல் அன்றே 7,000. பாக்கி 20,000, மாதம் 2,000 வீதம் பத்து மாதம், வாடகையோடு. அட்வான்ஸைத் தொடுவதில்லை. இரண்டு தேதியில் முடிந்தது.

வீடு, கடை கொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பாக்கி எவ்வளவு இருந்தாலும் கரண்டைத் துண்டிப்பது, தண்ணீரை நிறுத்துவது, பூட்டை மாற்றுவது வேண்டாம். கேரளச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் மேஜையில் தலைகுனிய வேண்டி வரும். உங்களுக்குப் பாக்கியைவிட வீடு திரும்ப வேண்டும் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளி, காலி செய்யும் தேதியைக் குறித்து எழுதிக்கொள்வது இங்கே அடிக்கடி நடக்கும் தீர்வு.

கடன்காரர்கள்

கடனில் யாரிடம் வாங்கினோம் என்பதைப் பொறுத்து வழி மாறும்.

பேங்க் கடன். ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஆறு மாதம் தவணையைத் தள்ளிப்போட இடம் கொடுத்தது. அது தள்ளுபடி அல்ல; வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அந்த ஆறு மாதத்துக்கு வட்டிக்கு வட்டியோ அபராத வட்டியோ கூடாது என்று 2021 மார்ச் 23-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸ்டேட்மெண்ட் வாங்கி அந்த மாதங்களைப் பாருங்கள். அதாலத்துக்கு முன்னால் பேங்குகள் கட்டுக்கட்டாக நோட்டீஸ் அனுப்பும். அங்கே ஒரே தடவையில் கட்டி முடிக்கும் தொகையைப் பேசலாம். முதலில் சொல்லும் தொகையே கடைசித் தொகை என்று நினைக்காதீர்கள். பேசி முடித்துக் கட்டியபின், வீட்டுப் பத்திரத்தை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். பேங்க் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு. 2023 டிசம்பர் 1 முதல் இது ரிசர்வ் வங்கி விதி. குறைத்துக் கட்டினால், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும், அடுத்த கடனுக்கு இடிக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

ஜப்திக்கு முந்திய 60 நாள் நோட்டீஸ் வந்திருந்தால் அவசரம். எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள், பேங்க் 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இலவச வக்கீலுக்கும் அன்றே விண்ணப்பியுங்கள். இங்கே சமரசம் மட்டும் போதாது.

கூட்டுறவு பேங்க், சொசைட்டி. 'நவகேரளீயம் குடிஸ்ஸிக நிவாரணம்' என்ற பெயரில் அவ்வப்போது ஒரே தவணைத் தீர்வுத் திட்டம் அறிவிப்பார்கள். நடக்கிறதா என்று செக்ரட்டரியிடம் போய்க் கேளுங்கள். விவசாயக் கடனுக்குக் கேரள விவசாயக் கடன் நிவாரண ஆணையம் தனியாக இருக்கிறது.

குழுக்கடன், மைக்ரோ ஃபைனான்ஸ். 2022 ஏப்ரல் முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது. ராத்திரி வாசலில் உட்கார்ந்து மானத்தை வாங்கினால் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர் அதிகாரியான ஆம்பட்ஸ்மனுக்குப் போகலாம், அதுவும் இலவசம், எண் 14448.

வட்டிக்காரர். இங்கே பிளேடு, அந்தப் பக்கம் மீட்டர் வட்டி, கந்து வட்டி. கேரளத்தில் வட்டிக்குக் கொடுக்க 1958 சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். கொள்ளை வட்டிக்கு எதிராக 2012-இல் தனிச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2003 சட்டம். 2014-இல் 'ஆபரேஷன் குபேரா' என்று கேரளப் போலீஸ் வேட்டையாடியது நினைவிருக்கும். மிரட்டல், அடிதடி இருந்தால் அது சமரச விஷயமல்ல, நேராகப் போலீஸ். மிரட்டல் இல்லாமல், கொடுத்துவைத்த வெற்றுச் செக்தான் பயம் என்றால் மேஜைக்கு வரலாம்; செக்கைத் திருப்பித் தருவதை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாக எழுதவையுங்கள். பேங்க்கில் போட்ட செக் பணமில்லாமல் திரும்பியதற்கு வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டால் பணம் கட்ட 15 நாள்தான்.

பழைய பாக்கிக்குக் காலக்கெடு

இதை இரு தரப்பும் கவனிக்க வேண்டும். ஈடு இல்லாத கடனுக்கும் வாடகை பாக்கிக்கும் கேஸ் போட மூன்று வருஷம். 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, அந்த இடைவெளியில் விழுந்த பாக்கிக்கு மூன்று வருஷம் 2022 மார்ச் 1-இல் ஆரம்பித்து 2025 பிப்ரவரி இறுதியில் முடிந்தது. நடுவில் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் அன்றிலிருந்து புது மூன்று வருஷம்.

கெடு முடிந்த பாக்கியாகவே இருந்தாலும், தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த வாக்குறுதி செல்லும். ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு. தர வேண்டிய பணத்தைத் தந்து நிம்மதியாக இருக்க நினைப்பவர் தாராளமாகப் போடலாம், நானாக இருந்தால் போட்டிருப்பேன். ஆனால் தெரிந்து போட வேண்டும். தேதிகளைச் சொல்லி லீகல் சர்வீஸ் வக்கீலிடம் ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

கையெழுத்துக்கு முன்

அதாலத்தில் பதிவான ஒத்துதீர்ப்பு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது. தவணை தவறினால் எதிர்த்தரப்பு புதுக் கேஸ் போட வேண்டியதில்லை, நேராக நிறைவேற்றக் கேட்டு ஜப்திக்கே போகலாம். பஞ்சாயத்து மெம்பர் முன்னால் எழுதிய காகிதத்துக்கு இந்த வலு இல்லை. கேஸ் இல்லாமல் மீடியேஷனில் முடிந்ததையும் அதாலத்தில் பதியவைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அதனால் அவசரப்படாதீர்கள். எழுதியது மலையாளத்திலோ இங்கிலீஷிலோ இருந்தால் வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 'தமிழில் விளக்கிச் சொல்லப்பட்டது' என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். தொகை எண்ணிலும் எழுத்திலும் இருக்கிறதா? தேதி இருக்கிறதா, அல்லது 'கூடிய சீக்கிரம்' என்று இருக்கிறதா? எந்த அக்கவுண்டில் போடுவது? ஒரு தவணை பிந்தினால் எத்தனை நாள் பொறுப்பது? எங்கள் ஒப்பந்தத்தில் பத்து நாள் என்று எழுதவைத்தேன். ஒரு தடவை அது உபயோகப்பட்டது. கட்டி முடித்தபின் பாக்கி இல்லை என்று எழுதித் தருவார் என்ற வரி? பிடிக்கவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வரலாம், அதற்குத் தண்டனை எதுவும் இல்லை. வெற்றுத் தாளில் மட்டும் யார் சொன்னாலும் போடாதீர்கள்.

அப்புறம் ஒவ்வொரு தவணையையும் பேங்க் வழியாகவே போடுங்கள். 'பாக்கித் தவணை 3' என்று குறிப்பிட்டு அனுப்பினால் வாடகையோடு குழம்பாது. ஒப்பந்தத்துக்கு மூன்று நகல் எடுத்து ஒன்றை வீட்டில், ஒன்றைக் கடையில், ஒன்றைச் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். என் கடையில்தான் எடுக்க வேண்டும் என்றில்லை.